பதினேழாம் எண் கப்ளிங்

ஓசூர்,
22.1.2025

தம்பி வளவனுக்கு அக்கா அன்புச்செல்வி எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் சுகம். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது, உன் பெண்டாட்டி அபிநயா எப்படி இருக்கிறாள் என்று எழுது. உன் சுகத்தை இன்னொரு நாள் விசாரிக்கிறேன். நீ அனுப்பிய பார்சலைப் பிரித்த பிறகு எனக்கு அந்த மனசு வரவில்லை.

பொங்கலன்று போனில் நாம் கத்திக்கொண்டதும், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுததும் போதும். இனிமேல் உன் மெக்கானிக் கடை விஷயம் எதுவானாலும் எழுதி அனுப்பு. எழுதும்போது நீ கொஞ்சம் யோசிப்பாய், நானும் கொஞ்சம் வாயை அடக்குவேன்.

பார்சலைச் சாப்பாட்டு நேரத்தில் பிரித்தது என் தப்புதான். சீ, என்ன நாற்றம்! டர்போ ஹோஸ் அடிக்கடி கழன்றுபோகிறது, ஏன் என்று பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். அது டர்போ ஹோஸே இல்லையடா. ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகிற ரப்பர் ஹோஸில் அரை சாண் அறுத்து, மேலே நீலப் பெயிண்ட் அடித்து எவனோ உன் தலையில் கட்டியிருக்கிறான். எண்ணெயில் ஊறி உள்பக்கம் நமத்த அப்பளம் மாதிரி பிய்ந்து வருகிறது. தொட்ட விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் அன்றைக்குச் சாம்பார் சாதத்தில் டீசல் வாசனைதான் வந்தது. பாதியிலேயே எழுந்துவிட்டேன்.

டர்போ என்பது காற்றை உறிஞ்சி, அழுத்தி, இன்ஜினுக்குள் தள்ளுகிற விசிறி. அந்தக் காற்று சூடாக வரும், கூடவே எண்ணெய்ப் புகையும் வரும். பைப்புக்கும் பைப்புக்கும் நடுவே அதைப் பிடித்து நிறுத்துவது கப்ளிங் என்கிற இந்த இணைப்பு ஹோஸ் ஒன்றுதான். அங்கே தண்ணீர் ஹோஸைச் செருகியிருக்கிறாயே, உனக்குக் கூச்சமாக இல்லையா? ஹோஸ் ஃபேக்டரியில் பன்னிரண்டு வருஷமாக இன்ஸ்பெக்டராக இருக்கிறவளுடைய தம்பி நீ. இங்கே யாருக்கும் அது தெரியாமல் இருப்பதே நல்லது.

எந்த வண்டி, பைப் என்ன அளவு என்று எழுது. அம்மாவை வெயில் வந்த பிறகு நடக்கச் சொல்.

அக்கா

*

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை,
3.2.2025

அக்காவுக்கு வளவன் எழுதிக்கொண்டது.

அம்மா நலம். முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்கிறது. அபிநயாவும் நலம், உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரைநாள் சிரித்தாள். நானும் நலம்தான், நீ கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மட்டும் அந்தக் கருமத்தைத் தொட ஆசையா? கடைக்காரன் டப்பாவைப் பிரித்துக் காட்டி, "டர்போ மாலு தாம்பா, கண்ண மூடினு போடு"ன்னு சொன்னான். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் போட்டிருக்கிறேன். இந்த ஊர் ஸ்பேர் கடைகளில் ஏறி இறங்கினாலே எனக்கு வாந்தி வருகிறது. எதைக் கேட்டாலும் ஒரிஜினல் என்கிறான். டப்பா மட்டும்தான் ஒரிஜினல்.

வண்டி அடி அண்ணாமலை முருகவேல் அண்ணனுடையது. எட்டுப் பேர் உட்காரும் டீசல் வண்டி. ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளிலிருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு ஆள் ஏற்றுகிறார். டாக்ஸி ஸ்டாண்டுக்கு இப்போது அவர்தான் செயலாளர். கடை திறந்து எட்டு மாதமாகிறது, ஸ்டாண்டு வண்டிகளில் ஒன்றுகூட என்னிடம் வரவில்லை. முதலில் வந்தது இவருடையதுதான். இது சரியாக ஓடினால் முப்பது வண்டி வரும். ஓடாவிட்டால் நான் ஷட்டரை இழுத்துவிட்டு யாரிடமாவது கூலிக்குப் போகவேண்டியதுதான். அதனால் திட்டினாலும் பரவாயில்லை, வழியைச் சொல்.

அளவு கேட்டாய். பைப்பைச் சுற்றி நூல் கட்டி அறுத்து இதோடு வைத்திருக்கிறேன். கையில் கிடைத்தது சாமி மஞ்சள் நூல்தான்.

தம்பி வளவன்

*

ஓசூர்,
12.2.2025

அன்புள்ள வளவனுக்கு,

அனைவரும் சுகம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கேயும் சுகமே.

நூலைப் பார்த்தேன். மஞ்சள் நூல் இழுத்தால் நீளும், ஈரம் பட்டால் சுருங்கும். அதை அளவு என்று உறையில் போட்டு அனுப்புகிற மெக்கானிக் உலகத்திலேயே நீ ஒருத்தன்தான் இருப்பாய். வெர்னியர் அளவுகோல் ஒன்று வாங்கு. பைப்பின் வெளிப்பக்கத்தை அள. நுனியில் ஹோஸ் வழுக்காமல் இருக்க ஒரு மேடு இருக்குமே, அதன் மேல் வைத்து அளக்காதே. அதை விட்டு ஒரு விரல் தள்ளி அள. அந்த அளவுதான் கப்ளிங்கின் உள் அளவு.

முக்கியமாக இரண்டு இடம் இருக்கிறது, இரண்டுக்கும் ஒரே சாமான் ஆகாது. டர்போவிலிருந்து, காற்றின் சூட்டைத் தணிக்கிற இன்டர்கூலருக்குப் போவது தள்ளுகிற பக்கம். அங்கே நாலு அடுக்குத் துணி வைத்த சிலிக்கான் கப்ளிங் வேண்டும். ஸ்க்ரூ கிளாம்ப் போடாதே, போல்ட் வைத்த பட்டைக் கிளாம்ப் போடு, அதுவும் அந்த மேட்டுக்கு உள்பக்கமாக. ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வருவது உறிஞ்சுகிற பக்கம். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் அங்கே மெத்தென்ற ஹோஸ் சப்பையாகிவிடும். அதனால் உள்ளே கம்பி சுற்றியிருக்க வேண்டும். இன்ஜின் விடுகிற எண்ணெய்ப் புகையும் அதே வழியில்தான் வருகிறது. உள் பூச்சு எண்ணெய் தாங்குவதாக இருக்கட்டும். இரண்டு பக்கத்திலும் செருகும்போது எண்ணெய் தடவுகிற அந்த அசிங்கமான பழக்கத்தை விடு. துடைத்து, காய்ந்த பைப்பில் செருகு.

எங்கள் மால் வேலூர் டீலரிடம் கிடைக்கும். எந்தக் கம்பெனி மாலாக இருந்தாலும் பெட்டிக்கு ஒன்றை நீளவாக்கில் அறுத்து, கொறட்டால் உள் அடுக்கைப் பிடித்து இழுத்துப் பார். நல்ல மால் கிழியும், உரியாது. உரிந்தால் பெட்டியோடு திருப்பிக் கொடு.

எங்கள் பெட்டியாக இருந்து, வாய்க்கு உள்ளே 17 என்று முத்திரை இருந்தால் அந்த ஒன்றையும் நீ வீணாக்க வேண்டாம். அது என் எண். நான் இழுத்துப் பார்க்காமல் அது விழாது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா

*

திருவண்ணாமலை,
9.3.2025

அக்காவுக்கு வணக்கம்.

இங்கே எல்லோரும் ரொம்ப நலம். இந்தத் தடவை என்னைத் திட்ட உனக்கு ஒன்றும் கிடைக்காது.

வேலூர் போய் உங்கள் மாலில் ஒரு பெட்டி வாங்கினேன். முருகவேல் அண்ணன் வண்டியில் தள்ளுகிற பக்கத்துக் கப்ளிங் இரண்டையும் மாற்றினேன். வெர்னியர் வாங்கிவிட்டேன், நம்பு. அவர் செங்கம் வரைக்கும் போய்விட்டு வந்து வாசலில் நின்று கத்தினார்: "இன்னாபா வளவா, வண்டி பறக்குது! ரெண்டு வருசமா இன்னாத்த ஓட்டினு இருந்தேன்?" அடுத்த நாளே ஸ்டாண்டிலிருந்து மூன்று வண்டி வந்தது.

17 என்றால் என்ன என்று கேட்டார்கள். சொல்லிவிட்டேன். இப்போது டிரைவர்கள் டார்ச் அடித்துக் கப்ளிங் வாய்க்குள் பார்த்துவிட்டுத்தான் போடவிடுகிறார்கள். "அக்கா கப்ளிங் இருந்தா போடு, இல்லாட்டி நாளைக்கு வரேன்" என்கிறார்கள். வேலூர் டீலரிடமும் 17 மட்டும்தான் கேட்கிறேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான், பார்க்கட்டும்.

அம்மா ஸ்டாண்டுக்காரர்களுக்கு மோர் கொடுத்து உன்னைப் பற்றிப் பேசி அனுப்புகிறது. சித்திரையில் வருவாயா?

வளவன்

*

ஓசூர்,
4.4.2025

வளவனுக்கு,

சுகம். அங்கேயும் அப்படியே என்று நினைக்கிறேன்.

வேலூரில் புதுப் பெட்டி வந்தால் இப்போதைக்கு வாங்காதே. இருக்கிற பழையதைப் போடு, தீர்ந்துவிட்டால் வேறு கம்பெனி மால் வாங்கு. அவ்வளவுதான்.

சித்திரைக்கு வர முடியாது. வேலை அதிகம்.

அக்கா

*

திருவண்ணாமலை,
20.4.2025

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதத்தை நான்கு வரி என்று சொல்வதா, ஐந்து வரி என்று சொல்வதா என்று அபிநயாவும் நானும் சண்டை போட்டோம். உடம்புக்கு ஏதாவதா? மாமாவோடு ஏதாவதா?

புதுப் பெட்டி ஏன் கூடாது? விலை ஏறுகிறதா, டிசைன் மாறுகிறதா? வேலூரில் பழையது ஒன்றுகூட இல்லை. வேறு கம்பெனி மாலை ஸ்டாண்டுக்காரர்கள் தொடமாட்டேன் என்கிறார்கள். முருகவேல் அண்ணன் உறிஞ்சுகிற பக்கத்தையும் மாற்றச் சொல்லி இரண்டு வாரமாக நச்சரிக்கிறார். புதுப் பெட்டியிலும் 17தான் இருக்கிறது என்று டீலர் சொல்கிறான். நீ பார்த்து அனுப்பியதை நீயே வேண்டாம் என்றால் நான் என்ன புரிந்துகொள்வது?

ஒரு வரி எழுது. போன் செய்தாலும் எடுக்கமாட்டேன் என்கிறாய்.

வளவன்

*

திருவண்ணாமலை,
2.6.2025

அக்காவுக்கு,

அம்மா இருக்கிறது. மற்றதை எழுதக் கை வரவில்லை.

மூன்று வாரம் உன் பதிலுக்குக் காத்திருந்தேன். பிறகு புதுப் பெட்டி ஒன்று வாங்கினேன். எட்டுக் கப்ளிங், உறிஞ்சுகிற பக்கத்துக்கானது. 17 இருந்தது. நீ சொன்னபடி அறுத்துப் பார்க்கவில்லை, உன் எண் இருந்தால் அறுக்க வேண்டாம் என்று நீதானே எழுதியிருந்தாய்? ஐந்து வண்டிக்குப் போட்டேன். முதல் வண்டி முருகவேல் அண்ணனுடையது.

ஒன்பதாவது நாள், சென்னைக்குப் போகிற வழியில், செஞ்சி தாண்டி வண்டி விசில் அடித்திருக்கிறது. அப்புறம் கறுப்புப் புகை. அப்புறம் ஒன்றுமில்லை. விமானத்துக்குப் போகவேண்டிய இரண்டு வயசான அம்மாக்கள் வெட்டவெளியில் மூன்று மணி நேரம் நின்றார்கள். ஒருவர் மயங்கி விழுந்திருக்கிறார்.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்தேன். கப்ளிங்கின் உள் பூச்சு பாம்புச் சட்டை மாதிரி முழுசாகக் கழன்று டர்போவுக்குள் போய்விட்டது. விசிறியின் பல் எல்லாம் மூளி. உள்ளே கறுப்புக் கூழும் ரப்பர் நாரும். கையை விட்டு வழித்து எடுத்தேன். இரண்டு நாள் என்னால் சோறு பிசைய முடியவில்லை.

மறுநாள் காலையில் கடைக்குப் போனால், அந்தக் கப்ளிங்கைக் கம்பியில் கோத்து என் ஷட்டர் பூட்டில் கட்டியிருந்தார்கள். ஸ்டாண்டுப் பழக்கம் உனக்குத் தெரியும். கெட்ட சாமான் போட்ட மெக்கானிக் கதவில் அதைக் கட்டுவார்கள். கட்டினவரே வந்து அவிழ்க்கிற வரைக்கும் எந்த டிரைவரும் அந்தப் படி ஏறமாட்டார். நானே அவிழ்த்தால் ஊரை விட்டுப் போகவேண்டியதுதான். முருகவேல் அண்ணன் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "அக்கா பேரச் சொல்லி டூப்ளிகேட்டு போட்ட பாரு, அதான்பா தாங்கல."

பத்து நாளாகத் தொங்குகிறது. எண்ணெய் சொட்டிச் சொட்டி ஷட்டரில் கறுப்பாக வழிந்திருக்கிறது, ஈ மொய்க்கிறது. எதிர்க் காபிக் கடைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து அதைப் போட்டோ எடுக்கிறார்கள். ஒருத்தி கும்பிட்டுவிட்டுப் போனாள். சிரிக்கவும் முடியவில்லை.

அபிநயா விடுதியில் அறை துடைக்கிற வேலைக்குப் போகிறாள். நான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

டர்போவுக்குள்ளிருந்து எடுத்த உள் பூச்சில் ஒரு துண்டை இதோடு வைத்திருக்கிறேன். 17 தெரிகிறது பார். இது உங்கள் மால்தானா, எவனாவது உன் எண்ணைப் போலியாக அடித்தானா? நீ போலி என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் டீலரைப் பிடிப்பேன்.

வளவன்

*

ஓசூர்,
11.6.2025

அன்புள்ள வளவனுக்கு,

அம்மாவையும் அபிநயாவையும் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். நாங்கள் சுகம்.

துண்டு வந்தது. பார்த்தேன். இதை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. செருகும்போது எண்ணெய் தடவினாயா? கிளாம்பை அளவுக்கு மேல் முறுக்கினாயா? பைப் நுனியில் பிசிறு இருந்தால் உள் பூச்சைச் சுரண்டிவிடும், அதை அரம் போட்டுத் தேய்த்தாயா? முருகவேல் அண்ணன் ஏர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினார்? ஃபில்டர் அடைத்திருந்தால் எந்தக் கப்ளிங்கும் தாங்காது. இதையெல்லாம் ஸ்டாண்டில் எடுத்துச் சொல். பொறுமையாகப் பேசினால் கேட்பார்கள்.

மற்ற நாலு வண்டியில் போட்டதைக் கழற்றிவிடு. உடனே கழற்று.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

திருவண்ணாமலை,
20.6.2025

அன்புச்செல்விக்கு,

எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

எண்ணெய் தடவவில்லை. முறுக்கவில்லை. அரம் போட்டேன். ஃபில்டர் ஒரு மாதத்துக்கு முன் நானே மாற்றியது.

நாலு வண்டியிலும் கெஞ்சிக் கூத்தாடிக் கழற்றினேன். பெட்டியில் மிச்சமிருந்த மூன்றையும் எடுத்து, நீ பிப்ரவரியில் சொல்லிக்கொடுத்த மாதிரி நீளவாக்கில் அறுத்தேன். கொறடே வேண்டியிருக்கவில்லை. நகத்தால் இழுத்தேன், மூன்றும் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்தது.

டிரைவர்கள் என்னைத் திருடன் என்றபோதுகூட எனக்கு இப்படி இருக்கவில்லை. உன் ஜூன் கடிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் அதைக் கையில் வைத்திருக்கவே பிடிக்கவில்லை. போலியா என்று கேட்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அரம் போட்டாயா என்று கேட்கிறாய்.

ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. ஏப்ரல் நாலாம் தேதி புதுப் பெட்டி வாங்காதே என்று ஏன் எழுதினாய்?

வளவன்

*

ஓசூர்,
30.7.2025

வளவனுக்கு,

சுகமா என்று கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் அம்மா எப்படி இருக்கிறது?

நாற்பது நாளாக இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் மூன்று தடவையும் மேனேஜரைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். அவரைப் பற்றி எழுத எழுத எனக்கே கைத்துப்போனது. முத்திரை அவர் கையில் இல்லை.

மார்ச் கடைசி வாரம் சூளை அடுப்பு இரண்டு நாள் கெட்டுக் கிடந்தது. அதில் வெந்தால்தான் கப்ளிங்கின் அடுக்குகள் ஒன்றோடொன்று பிடிக்கும். மூன்றாம் நாள் சரியானது என்று சொல்லி அரைவேக்காட்டில் எடுத்துவிட்டார்கள். நானூறு கப்ளிங். கம்பெனிக்குக் கணக்கு வருஷக் கடைசி. மேனேஜர் வந்து, "லாரி வாசல்ல நிக்குது மேடம், பாத்து சீக்கிரம் முடிச்சு வுடுங்க"ன்னார். பார்க்காதே என்று அவர் சொல்லவில்லை. அதை நன்றாகத் தெரிந்துகொள்.

நான் பார்த்தேன். ஐம்பதுக்கு ஒன்று அறுக்க வேண்டும். முதலாவதை அறுத்து இழுத்தேன், உரிந்து வந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. அதைக் காலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, மீதியில் ஒன்றைக்கூட அறுக்காமல், சாயங்காலத்துக்குள் அத்தனைக்கும் 17 அடித்து முடித்தேன். கை வலித்தது, அதுதான் அன்றைக்கு எனக்கு இருந்த ஒரே வருத்தம்.

ஏப்ரலில் உனக்கு மட்டும் எழுதினேன். காரணம் எழுதியிருந்தால் நீ கேட்டிருப்பாய். காரணம் எழுதினால் நான் யார் என்று உனக்குத் தெரிந்துபோகும், அதனால் எழுதவில்லை. ஜூனில் எல்லாம் தெரிந்தும் உன் மேலும் முருகவேல் அண்ணன் மேலும் பழி போடப் பார்த்தேன். அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாரி நேரத்துக்குப் போனதற்குப் பரிசாக எனக்கு ஒரு சில்வர் டிபன் கேரியர் கொடுத்தார்கள். உன் மாமா தினமும் அதில்தான் சாப்பாடு கொண்டுபோகிறார். அவர் காலையில் அதன் மூடியை அழுத்துகிற சத்தம் கேட்டாலே நான் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன்.

உன்னை எத்தனை வருஷமாக எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறேன்! சீ, நானெல்லாம் ஒரு ஆள்.

இதோடு தனித் தாளில் ஸ்டாண்டுக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கப்ளிங் போலி இல்லை, எங்கள் மால், கெட்டது என்று தெரிந்தே நானூறுக்கும் முத்திரை அடித்தவள் நான், வளவன் மேல் தப்பே இல்லை என்று இருக்கிறது. எல்லார் முன்னாலும் படிக்கச் சொல். மேனேஜரிடமும் இதன் நகலைக் கொடுத்துவிட்டேன்.

அன்புச்செல்வி

*

திருவண்ணாமலை,
9.8.2025

அக்காவுக்கு,

அம்மா நலம். இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை. அபிநயாவிடம் சொன்னேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

நேற்றுக் காலை ஸ்டாண்டில் உன் தாளைக் கொடுத்தேன். முருகவேல் அண்ணன் சத்தமாகப் படித்தார். இருபது பேர் இருந்தார்கள். படித்து முடித்ததும் தாளை மடித்துப் பையில் வைத்தார். அவர் நேராக என் கடைக்கு நடந்து வந்தார், எல்லோரும் பின்னாலேயே வந்தார்கள். கம்பியை அவிழ்த்தார். "உன்ன தப்பா பேசிட்டேன்பா, மனசுல வச்சிக்காத"ன்னு என் தோளைத் தட்டினார். இரண்டரை மாதம் கழித்து ஷட்டரைத் தூக்கினேன். அழுகை வந்தது. இனி பிழைத்துக்கொள்வேன் என்று இருந்தது.

அந்த நேரத்தில் அவர் தாளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். "இன்னாபா இது, நானூறுன்னு எழுதிக்கிறாங்க? உன்கிட்ட வந்தது எட்டுதானே. மீதி எங்க போயிக்குது?"

எனக்குத் தெரியாது என்றேன்.

"எந்தெந்த ஊருக்குப் போச்சி, எவன் எவன் வண்டியில ஓடினு கீதுன்னு ஒரு வரி இல்லியே. உன் கதவ சுத்தம் பண்ணத்தான் எழுதினாங்களா?"

அக்கா, அந்தக் கேள்வி எனக்கும் தோன்றவில்லை. பூட்டில் தொங்கினது போனால் போதும் என்றுதான் நானும் இருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இப்போது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவர் உன் தாளைக் கண்ணாடிக் காகிதத்தில் போட்டு ஸ்டாண்டுப் பலகையில் மாட்டிவிட்டார். எல்லா வண்டியும் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். உன் பெயரும் கையெழுத்தும் அதில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

அவர் விலாசம் கீழே இருக்கிறது. பதிலை அவருக்கே எழுது.

வளவன்

*

ஓசூர்,
27.8.2025

மதிப்பிற்குரிய முருகவேல் அண்ணனுக்கு, வளவனின் அக்கா அன்புச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் வண்டிக்கு நான் செய்ததற்கு மன்னிப்புக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. அதனால் நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்னது உண்மை. என் தம்பி கதவைச் சுத்தம் செய்யத்தான் எழுதினேன். மீதி முன்னூற்றுச் சொச்சம் வண்டி என் நினைப்பிலேயே வரவில்லை. உங்கள் கேள்வியை வளவன் எழுதி அனுப்பிய பிறகுதான், நான் குற்றத்தை ஒத்துக்கொண்டதிலும் பாதி அழுக்கு அப்படியே இருக்கிறது என்று தெரிந்தது.

கம்பெனியில் கேட்டேன். "அத நாங்க பாத்துக்கறோம், நீங்க வீட்ல இருங்க" என்றார்கள். அன்றோடு எனக்கு வேலை இல்லை. போகும்முன் அந்த லாரி எந்தெந்த டீலருக்குப் போனது என்று ரிஜிஸ்டரைப் பார்த்துத் துண்டுச் சீட்டில் எழுதி ரவிக்கைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டேன். பதினைந்து நாளாக நேரிலும் போனிலும் அவர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறேன். சேலத்துக்காரர் கதவைச் சாத்தினார். வேலூர்க்காரர் அழவே அழுதுவிட்டார், ஆனால் பில் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். இருநூற்று முப்பது வரைக்கும் அலமாரியிலிருந்தே திரும்பிவிட்டது. மற்றது வண்டிகளில் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். என் எண்ணைப் புதிதாகச் சேர்ந்த ஆர்த்தி என்ற பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். 17 இனிமேலும் வரும். அதை நம்பி யாரும் போட வேண்டாம். யார் எண்ணையும் நம்ப வேண்டாம், அறுத்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

வேலூர் பில் புத்தகப்படி உங்கள் ஊருக்கு வந்தது பதினான்கு. வளவன் வாங்கியது எட்டு. மீதி ஆறையும் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்காரர் மே மாதம் வாங்கி, எல்லாவற்றையும் விற்றுவிட்டதாகச் சொல்கிறார். யாருக்கு என்று அவருக்கு ஞாபகமில்லை. வெள்ளை வேன் ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவது என்று மட்டும் சொன்னார். தபாலுக்கு நேரமில்லை, இந்தத் தாளைப் போட்டோ எடுத்து இப்போதே வளவன் போனுக்கு அனுப்புகிறேன், உடனே உங்களிடம் காட்டுவான். நான் நாளை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். அதற்குள் உங்கள் ஆட்களை விட்டு அந்த வேனை நிறுத்தச் சொல்லுங்கள், அண்ணா.

அன்புச்செல்வி